சென்னை ரிச்சி தெருவில் வைரஸ் எடுக்கிற கடை: வேலை சுத்தம், பேச்சுதான் ஒத்துவரவில்லை

சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன லேப்டாப் கடை. வைரஸால் என் பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது. கடைக்கார அண்ணன் அதை லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம்) மெஷினில் செருகி, மறைந்து கிடந்த ஃபைல்களை வேறு டிரைவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் அடிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 400 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் "வைரஸெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டா எழுதுறது சார், திறமைசாலிங்க, விட்டுடணும்" என்கிறார். எப்படி விடுவது? 2004இல் சாஸர் புழுவை (தானாகவே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் பரவுகிற வைரஸ் மாதிரி) எழுதிப் பரப்பிய ஜெர்மன் பையனுக்கு, எழுதியபோது 17 வயதுதான் என்பதால் 21 மாதம் நிறுத்திவைத்த சிறைத்தண்டனை (உள்ளே போக வேண்டியதில்லை), கூடவே ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை (இங்கே நம்ம பசங்களுக்கு இன்டர்வியூவே கிடைக்க மாட்டேங்குது). பிளாஸ்டர் என்கிற இன்னொரு புழுவைக் கொஞ்சம் மாற்றிப் பரப்பிய அமெரிக்கப் பையனுக்கு 18 வயது, 18 மாதம் சிறை. நம் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. சரி, சின்னப் பையனை ஜெயிலில் போட வேண்டாம், இதே கடையில் உட்கார்ந்து அவன் கெடுத்த மெஷின்களைச் சரிபண்ணட்டும்.

வண்டி நிறுத்த இடமில்லை, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். பில் கேட்டால்தான் தருவார்.