மினாக்ஸிடில்: கரைசலா, நுரையா?

உச்சந்தலையில் முடி மெலியத் தொடங்கிய ஆண்களுக்குத் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது 5 சதவீத மினாக்ஸிடில். அதன் கரைசலை 14 மாதங்களும், பிறகு நுரையை 10 மாதங்களும் பூசி வந்தவன் என்ற முறையில் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

மருந்து இரண்டிலும் ஒன்றே. அதைத் தலைத்தோலில் சேர்க்கும் கலவைதான் வேறு. கரைசலில் ஆல்கஹாலுடன், மருந்தைக் கரைத்து வைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் இருப்பதால் அது காய நேரமாகிறது, முடியும் பிசுபிசுத்துப் போகிறது. மூன்றாம் மாதம் எனக்கு அரிப்பெடுத்துச் செதில் உதிரத் தொடங்கியபோது, பொடுகு என்றே எண்ணி ஷாம்புவை இருமுறை மாற்றினேன். அரிப்பைப் பொறுத்துக்கொண்டு ஓராண்டை ஓட்டிய பிறகுதான், கிளைக்கால் ஒவ்வாமல் போயிருக்கலாம் என்று மருத்துவர் சொல்லி, அது சேராத நுரைக்கு மாற்றினார். இரண்டே வாரத்தில் அரிப்பு நின்றது. இதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் நுரையிலும் சிரமம் உண்டு. கைச்சூட்டில் உடனே உருகிவிடும் என்பதால், விரல்களைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்த பிறகே எடுக்க வேண்டும். முடி நீளமாக இருந்தால் பாதி முடியிலேயே தங்கிவிடும். கரைசலோ சொட்டுக்குழாயால் 1 மில்லி அளந்து நேரே தோலில் விட வசதியானது, நான் வாங்கிய அளவில் விலையும் குறைவு. அரிப்பு இல்லாதவர் நுரைக்கு மாறத் தேவையில்லை என்பதே என் கருத்து.

2 சதவீதக் கரைசலை ஆண்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 393 ஆண்களை 48 வாரங்கள் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், 5 சதவீதக் கரைசல் அதைவிட 45 சதவீதம் கூடுதலாக முடியை மீட்டது.

எதைப் பூசினாலும், தொடக்க வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டக்கூடும். ஓய்வுநிலையில் இருந்த பழைய முடிகள் புதியவற்றுக்கு வழிவிட்டு விழுவதே அது. இதற்கு அஞ்சிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், நிறுத்தினால் வந்தது சில மாதங்களில் போய்விடும்.

ஃபினாஸ்டரைடு என்ற இன்னொரு மருந்து கலந்த கரைசலும் கடைகளில் கிடைக்கிறது. முடிவேரைச் சுருக்கும் டிஹெச்டி ஹார்மோனை அது குறைக்கிறது. தோலில் பூசினாலும் ஓரளவு இரத்தத்தில் கலக்கும், கருவுற்ற பெண்கள் அதைத் தொடக் கூடாது. நான் அதைப் பற்றிக் கேட்டபோது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். மருத்துவர் எழுதித் தர மறுத்துவிட்டார், நானும் நுரையோடு நின்றுகொண்டேன்.