திருகோணமலையில் மாமிக்குக் கமரா விட்டுப் பார்த்தபோது

கனடாவில் சமிபாட்டு நோய்ப் பிரிவொன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்திருந்த வேளையில், மாமிக்கு மலம் தார்போலக் கறுத்துப் போகிறது என்று அறிந்ததும், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிகிறது என்ற ஐயமே முதலில் எழுந்தது. அன்றே அவரை நகரிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கிருந்த தாதியை மனமாரப் பாராட்டுகிறேன். "அம்மா, இரும்புச்சத்துக் குளிசை பாவிக்கிறீங்களோ? மூட்டு நோவுக்கு ஏதும் போடுறீங்களோ?" என்று பொறுமையாகக் கேட்டார். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால்தான் முதற்கேள்வி. இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலில் காரணம் வெளிப்பட்டது. முழங்கால் நோவுக்கு மாமி மாதக்கணக்காக டைக்ளோபெனாக் விழுங்கியிருக்கிறார், அதையும் வைத்தியரின் துண்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் கொடுத்திருக்கிறார்கள். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குத் துணைநிற்கும் புரொஸ்டாகிளாண்டின்கள் என்னும் உடலின் இயற்கைப் பொருட்களை இவ்வகை மருந்துகள் குறைத்துவிடுவதால், அமிலம் சுவரையே அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது.

விடுதியில் அனுமதித்து, ஹீமோகுளோபின் பார்த்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை ஊசிமூலம் ஏற்றினார்கள். மறுநாள், வாய்வழியே கமரா விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே, வெருகலில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும் விடிய முன்னரே வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவர்கள் காத்திருந்தனர். அவர்களில் சீனி வருத்தமுள்ள ஓர் ஐயாவுக்குத் திடீரென வியர்த்து, கைகள் நடுங்கத் தொடங்கின. உணவைத் தவிர்த்தவர் காலைச் சீனிக் குளிசையைத் தவிர்க்காததால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. தாதி உடனே விரல்நுனியில் குத்திச் சீனியளவு பார்த்து, டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சீனிக் கரைசலை ஏற்றினார். 6 மணித்தியாலம் சாப்பிடக் கூடாது என்று சொல்லும்போதே சீனிக் குளிசையை என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுப்பது உயிர் காக்கும் வேலை. அதை எந்த வைத்தியசாலையும் சிறு விடயமாக எண்ணக் கூடாது.

மாமியின் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை விசிறி, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்துப் பார்த்ததில், இரைப்பையில் புண் தெரிந்தது. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யச் சிறு துணுக்குகளை எடுத்ததோடு, ஒன்றை மஞ்சள்நிறக் கூழில் வைத்தார்கள். இரைப்பைப் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபக்டர் பைலோரி கிருமி இருந்தால் அந்தக் கூழ் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறவில்லை, அறிக்கையிலும் கிருமி இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

என் மனக்குறை இங்கேதான். ஒமெப்ரசோல் ஏற்றியிருக்கும்போதும் இரத்தம் கசியும்போதும் இந்தச் சோதனை கிருமியைத் தவறவிடக்கூடும். கிருமியை அழிக்காமல் விட்டால் புண் ஆறினாலும் திரும்ப வரக்கூடும். இதை வைத்தியரிடம் பணிவாகக் கேட்டபோது அவர் மறுக்காமல், ஒமெப்ரசோல் முடிந்து 2 வாரம் கழிந்தபின் இந்தக் கிருமிக்கான மலப் பரிசோதனை செய்யவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். புண் ஆறியதா என்று மீண்டும் கமரா விட்டுப் பார்ப்பதற்கும் திகதி குறித்தார்கள். முழங்கால் நோவுக்கு இனிப் பரசிட்டமோல் மட்டுமே. ஒமெப்ரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடவேண்டும் என்பதை மச்சாளிடம் சொல்லி, மருந்துப் பையின் மேல் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.