யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கு: சாங்ஷன் விழுந்தால் எவ்வளவு உதவும்?

யூனிவர்சல் கிரெடிட் என்பது குறைந்த வருமானக்காரருக்கும் வேலையில்லாதவருக்கும் பிரித்தானிய அரசு தரும் மாத உதவித்தொகை. அதன் இணையக் கணக்கு விண்ணப்பிக்கவும் மாதக் கொடுப்பனவைப் பார்க்கவும் குறையில்லாமல் வேலை செய்கிறது. அதன் குணம் சாங்ஷன், அதாவது நிபந்தனையை மீறியதற்குக் கொடுப்பனவில் வெட்டு, விழும் நாளில்தான் தெரியும். 5க்கு 2 தரலாம். அதில் ஒன்று ஜேர்னலுக்கு, அதாவது கணக்குக்குள் அலுவலர்களுக்குச் செய்தி எழுதும் பகுதிக்கு.

பத்துச் சாங்ஷனில் ஏறக்குறைய ஒன்பது விழுவது ஜொப் சென்டர் (அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம்) சந்திப்பைத் தவறவிட்டதற்கு, வேலை தேடாததற்கு அல்ல. வெட்டு அடிப்படைத் தொகையில்தான். வாடகைப் பங்கிலோ பிள்ளைகளின் பங்கிலோ கை வைப்பதில்லை. 25 வயதும் அதற்கு மேலும் உள்ள தனி ஆளுக்கு 2025-26இல் அந்தத் தொகை மாதம் 400.14 பவுண்டு, வெட்டு நாளுக்கு 13.10. கேட்டதைச் செய்யும்வரை வெட்டு ஓடும், அதற்குமேல் முதல் தடவைக்கு 7 நாள், ஒரு வருடத்துக்குள் இரண்டாவதற்கு 14, மூன்றாவதற்கு 28. புதிய சந்திப்புக்குப் போக 10 நாள் இழுபட்டால் மொத்தம் 17 நாள், 222.70 பவுண்டு. ஒரு பஸ் பிந்தியதற்கு இவ்வளவு!

ஜொப் சென்டரில் உங்களைச் சந்திக்கும் அலுவலரான வேர்க் கோச் சாங்ஷன் போடுவதில்லை, பரிந்துரைப்பதோடு சரி. முடிவெடுக்கும் அதிகாரி உங்களைப் பார்த்ததே இல்லை. அவர் முன் இருப்பது பதிவுகள் மட்டும். அதனால் ஜேர்னலில் "சுகமில்லை, வரேலாது" என்று மட்டும் எழுதுவது வீண். "மகனுக்குக் காய்ச்சல், 9.10க்குக் குடும்ப வைத்தியரை (ஜீபீ) அழைத்தேன். இன்று 10.30 சந்திப்பை மாற்றித் தரவும்" என்று நேரத்தோடு, சந்திப்புக்கு முன்பே எழுதுங்கள். தவறிப்போனால் அன்றைக்கே புதிய திகதி கேளுங்கள்; ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

இடைக்கால உதவி என்று தருவது உண்மையில் கடன். வெட்டியதில் 60 சதவீதம்தான், பிறகு கொடுப்பனவில் கழித்துக்கொள்வார்கள். தானாக வராது, ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முந்திய 7 நாளும் வேலை தேடும் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். பலருக்கு மறுக்கப்படுவது இந்த இடத்தில்தான். வெறும் வயிற்றோடு வேலை தேடச் சொல்லும் இந்த ஏற்பாட்டால் பலன் உண்டா? சாங்ஷன் விழுந்தவர்கள் வேலைக்குப் போகத் தாமதமாகிறார்கள், போனாலும் குறைந்த சம்பளம்தான் என்று அரசின் சொந்த ஆய்வறிக்கையே சொன்னது. அது வெளியே வந்தது 2023இல்.

முடிவு தவறென்றால் முதலில் கட்டாய மறுபரிசீலனை, அதாவது முடிவை மீண்டும் பார்க்கும்படி கேட்பது. ஒரு மாதத்துக்குள் ஜேர்னலிலேயே கேட்கலாம்: முடிவின் திகதி, தவறவிட்ட காரணம், ஆதாரம் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். அங்கும் மறுத்தால், அந்தக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. இணையத்திலோ எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்திலோ செய்யலாம், கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றிக் கேட்கும் இடத்தில் தமிழ் என்று எழுதிவிடுங்கள். அதற்கும் காசு கேட்கமாட்டார்கள்.