நடுங்கிய ஸ்டீயரிங்கும் வண்ணார்பேட்டை டயர் கடையும்

திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி வழியாக வள்ளியூருக்கு வாரம் இருமுறை காரில் சென்றுவருகிறேன். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கி, 100-ஐ நெருங்கும்போது ஓரளவு அடங்கிவிடும் தொல்லை ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுதான் வண்டியை அசைக்கிறது என்று முதலில் நினைத்தேன். காற்று ஓய்ந்த ஐப்பசியிலும் நடுக்கம் ஓயவில்லை.

இதற்கிடையில் வேறொரு பட்டறையில் இரண்டு முறை அலைன்மென்டும் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) பேலன்சிங்கும் (ஈயத்துண்டு ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தேன். பலன் இல்லாததால், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று 14,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சக்கரக் கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும்; இத்தகைய நடுக்கத்துக்கு அது காரணமாவது அரிது என்பதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன இந்த வண்ணார்பேட்டைக் கடையில், வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே கேள்விகள் வந்தன. “எந்த வேகத்துல ஆடுது அண்ணாச்சி? ஸ்டீயரிங்கா, சீட்டா? பிரேக் பிடிச்சா கூடுதா?” என்று கேட்டுவிட்டு, முதலாளியே என்னுடன் நாற்கரச் சாலைக்கு வந்து ஓட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பெரும்பாலும் பின்சக்கரம், பிரேக்கில் மட்டும் ஆடினால் டிஸ்க், முடுக்கும்போது மட்டும் ஆடினால் இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் என்று அவர் வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்த விதம், நல்ல மருத்துவர் நாடி பார்ப்பதைப் போல இருந்தது.

அடுத்து அவர் செய்ததற்குச் செலவே இல்லை: முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி மாட்டி மறுபடியும் ஓட்டினார். ஸ்டீயரிங் அமைதியானது, நடுக்கம் இருக்கைக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே குற்றம் ஆர்மிலோ டை ராடிலோ இல்லை, சக்கரத்தோடு சேர்ந்தே பயணிக்கிறது என்பது உறுதியாயிற்று. இயந்திரத்தில் ஏற்றியபோது பேலன்சிங் சுழியத்தைக் காட்டியது. ஆனால் டயரின் முகத்துக்கு அருகே ஒரு கம்பியை நிறுத்திச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபோது, ஓரிடத்தில் ரப்பர் கம்பியை உரசியது, எதிர்ப்புறத்தில் விலகியது. ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து உள்ளிருக்கும் எஃகுப் பட்டை பிரிந்திருக்க வேண்டும் என்றார். எடை சமமாக இருந்தாலும் வட்டமாக இல்லாத டயர் ஆடத்தான் செய்யும். எத்தனை ஈயத்துண்டு ஒட்டினாலும் அது தீராது. 90 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டியின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13 முறை சுற்றுகிறது. சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் அதற்கு அருகிலேயே இருப்பதால்தான் அந்த வேகத்தில் மட்டும் நடுக்கம் உச்சத்துக்குப் போனது.

அந்த டயரையும் அதன் ஜோடியையும் மாற்றினேன். புதிய டயர்களின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணை, அதாவது தயாரான வாரத்தையும் ஆண்டையும், அவரே காட்டிய பிறகுதான் பொருத்தினார். சக்கரம் பொருந்தும் ஹப்பின் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து எடுத்ததும், நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியை நம்பாமல், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கியதும் என் மதிப்பை மேலும் உயர்த்தின. டயர் விலை நீங்கலாகக் கூலி 900 ரூபாய். பழைய டயரை ஏன் கழித்தார் என்பதற்கு அந்தக் கம்பியின் உரசலை நானே கண்ணால் பார்த்திருந்ததால், பணம் கொடுக்கத் தயக்கமே எழவில்லை.

குறைகள் உண்டு. உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளே இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கால் உடைந்திருக்கிறது. மூன்று மணி நேரம் நின்றேன். கேட்ட பிறகே பில் எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முதலாளி ஒருவரே போவதால், அவர் வெளியே இருக்கும் நேரத்தில் வந்து சேரும் வண்டிகள் அப்படியே காத்துக் கிடக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.