ஜெப்பர்டி: அரை மணி நேரம், 61 குறிப்புகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான் ஒழுங்காகப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான்: வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு வரும் ‘ஜெப்பர்டி’. நியூ ஜெர்சியில் குடியிருப்பதால் நியூயார்க்கின் 7ஆம் சேனல் எங்களுக்குக் கிடைக்கிறது. ஜன்னலோரம் ஓர் ஆன்டெனா வைத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. இலவசமாக வருவதற்கு விமர்சனம் எதற்கு என்று கேட்காதீர்கள். தினமும் அரை மணி நேரம் கொடுக்கிறோம், அதற்குள் ஏகப்பட்ட மாத்திரை விளம்பரங்களையும் சகித்துக்கொள்கிறோம். குறை சொல்லும் உரிமை தாராளமாக உண்டு.

ஆட்டத்தை இதுவரை பார்க்காதவர்களுக்காக: மூன்று போட்டியாளர்கள், ஒரு பெரிய பலகை. பலகையில் ஆறு தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து குறிப்புகள். முதல் சுற்றில் ஒரு குறிப்புக்கு 200 முதல் 1,000 டாலர் வரை, இரண்டாம் சுற்றில் அதற்கு இரட்டிப்பு. கடைசியில் ஒரே ஒரு குறிப்பு. ஆக மொத்தம் 61. நேரம் போதாமல் ஒன்றிரண்டு திறக்கப்படாமலே போவதுண்டு. வேடிக்கை என்னவென்றால், நடத்துபவர் பதிலைத்தான் படிப்பார். போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். ‘5,280’ என்று அவர் சொன்னால், ‘ஒரு மைலுக்கு எத்தனை அடி?’ என்று இவர் கேட்க வேண்டும்.

இந்தத் தலைகீழ் ஏற்பாட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளின் சாயம் வெளுத்தது. போட்டியாளர்கள் சிலருக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது அம்பலமானதும் அந்த வகை நிகழ்ச்சிகள்மீதே மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்துப் புதிய ஆட்டம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபினிடம், விமானப் பயணத்தின்போது அவர் மனைவி ஜூலான் சொன்ன யோசனை இது: விடையைக் கொடுத்துத்தானே வம்பு வந்தது, எல்லார் முன்னாலும் விடையையே கொடுத்துவிட்டால் என்ன? அதற்கு உதாரணமாக அவர் சொன்னதுதான் அந்த 5,280. நிகழ்ச்சி 1964 மார்ச் 30 அன்று என்பிசி நெட்வொர்க்கில் பகல் நேரத்தில் தொடங்கியது. அதன் பிறகு நின்றது, திரும்ப வந்தது, மறுபடியும் நின்றது. இப்போது நாம் பார்க்கும் வடிவம் 1984 செப்டம்பர் 10 முதல் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது இது நாடு முழுவதும் நிகழ்ச்சிகளை அனுப்பும் எந்த நெட்வொர்க்கின் சொந்தச் சரக்கும் அல்ல. ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்படும் சிண்டிகேஷன் நிகழ்ச்சி. அதனால்தான் நியூயார்க்கில் இரவுச் சாப்பாட்டு வேளையில் வருவது, சிகாகோவில் பிற்பகல் மூன்றரைக்கே வந்துவிடுகிறது. பெரிய நகரங்களில் முன்னிரவு நேரம் முழுவதையும் நெட்வொர்க்குகளே விழுங்கிவிடக் கூடாது என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டு, 1971இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலியான அந்த அரை மணி நேரத்தை நிரப்ப நிலையங்களுக்கு மலிவான சரக்கு தேவைப்பட்டது. ஜெப்பர்டி மலிவுதான். ஒரே அரங்கம். சம்பளம் கேட்கும் நடிகர்கள் இல்லை. ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை ஜெயித்தவர் செவ்வாய்க்கிழமை வேறு சட்டையில் வருகிறாரே, அது மதியத்துக்குள் மாற்றிய சட்டை. விதியை 1996இல் ரத்து செய்துவிட்டார்கள். நிகழ்ச்சிகள் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது அவசரம். நம் ஊரில் 2012இல் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நினைவிருக்கும். ஒரு கேள்வி, நான்கு விடைகள், பின்னணியில் இதயத் துடிப்பு போல ஓர் இசை, குடும்பக் கதை, கண்ணீர், பிறகு விளம்பரம். அதை நானும் ரசித்தவன்தான். ஆனால் அங்கே ஒரு கேள்வி முடிகிற நேரத்தில் இங்கே ஒரு தலைப்பே முடிந்துவிடும். பைசாந்தியப் பேரரசு, பிராட்வே நாடகங்கள், ‘க்யூ’வில் தொடங்கும் சொற்கள் என்று மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். தெரியாததைப் பற்றி வருத்தப்பட அவகாசமே தருவதில்லை. பார்ப்பவனுக்கு விளக்கிச் சொல்லி, தோளில் தட்டிக் கொடுத்து அழைத்துப் போகும் வேலையும் கிடையாது. தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் அடுத்ததைப் பார். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

அறிவு மட்டும் இருந்தால் அங்கே ஜெயிக்க முடியாது. நடத்துபவர் குறிப்பை முழுவதும் படித்து முடித்த பிறகுதான், விடை சொல்ல அழுத்தும் பஸ்ஸர் வேலை செய்யும். அதைக் காட்டப் பலகையின் இரு பக்கமும் விளக்குகள் எரியும். வீட்டிலிருக்கும் நமக்கு அவை தெரிவதில்லை. விளக்கு எரியுமுன் அழுத்தினால் கால் விநாடிக்குப் பூட்டிக்கொள்ளும். கால் விநாடிதானே என்று தோன்றும். மூவருக்கும் விடை தெரிந்த குறிப்பில் அதற்குள் ஆட்டம் கைமாறிவிடும். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் குத்துக் குத்தென்று குத்துவதைக் கவனித்திருக்கிறீர்களா? முந்திக்கொண்டு அழுத்திப் பூட்டிக்கொண்டவர் அவராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டில் பால்பாயிண்ட் பேனாதான் பஸ்ஸர். என் மனைவியின் கட்டைவிரலை மிஞ்ச ஆளில்லை. விடையை யோசிப்பது அழுத்திய பிறகுதான்.

என் தொழில் கணக்கு என்பதால் எனக்குக் கடைசிக் குறிப்புதான் விருந்து. தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு, எவ்வளவு பணயம் வைக்கிறாய் என்று கேட்பார்கள். முதலில் இருப்பவரிடம் 18,000, இரண்டாமவரிடம் 13,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவர் வெகு பின்னால். இரண்டாமவர் முழுவதையும் வைத்து ஜெயித்தால் 26,000. அதை ஒரு டாலரில் தாண்ட, முதலாமவர் 8,001 வைக்க வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் கையில் மிஞ்சுவது 9,999. ஆகவே இரண்டாமவர் 3,000க்கு மேல் வைக்காமல் இருந்தால், இருவருமே தவறாகச் சொன்னாலும் வெற்றி அவருக்கு. இந்தக் கணக்கு பென்சிலும் காகிதமும் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்படியிருந்தும் இரண்டாமிடத்துக்காரர்கள் பாதிப் பேர் வீறாப்பாக எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் தோற்பதைப் பார்க்கும்போது எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். பிறகு அந்த முப்பது விநாடி இசை. அது மெர்வ் கிரிஃபின் தன் மகனுக்காக இசையமைத்த தாலாட்டாம். அந்த மெட்டில் யாருக்காவது தூக்கம் வருமா என்பது சந்தேகம்.

2004இல் கென் ஜென்னிங்ஸ் 74 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தார். 25 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார். அவரைக் கவிழ்த்த கடைசிக் குறிப்பு, வருடத்தில் நான்கு மாதம் மட்டும் வேலை பார்க்கும் 70,000 பருவகால அலுவலக ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் எது என்பது. அவர் ‘ஃபெட்எக்ஸ்’ என்று எழுதினார். விடை ‘எச் அண்ட் ஆர் பிளாக்’, வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் நிறுவனம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை படிவங்களோடு மல்லுக்கட்டும் எங்கள் ஜாதியில் யாரைக் கேட்டிருந்தாலும் தூக்கத்தில் சொல்லியிருப்போம்! அதே ஜென்னிங்ஸ்தான் இப்போது நிகழ்ச்சியை நடத்துகிறார்.

நடத்துபவர் விஷயத்தில் என் மனம் இன்னும் அலெக்ஸ் ட்ரெபெக்கிடமே இருக்கிறது. கனடாவில் பிறந்தவர், 1984 முதல் 2020இல் கணையப் புற்றுநோயால் இறக்கும்வரை நடத்தினார். தன்னைவிட ஆட்டம் பெரியது என்பதை ஒரு நாளும் மறக்காதவர். 2018இல் ஒரு முறை அமெரிக்கக் கால்பந்துத் தலைப்பில் ஐந்து குறிப்புகளுக்கும் மூவருமே வாய் திறக்கவில்லை. அவர் முகத்தை மாற்றாமல் ஒவ்வொன்றுக்கும் குத்தலாக ஏதோ சொல்லி வைத்தார். அந்த ஐந்து குறிப்புகளுக்காகவே அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கலாம். நோய் வந்த பிறகு, 2019இல், துருவ் கௌர் என்ற மாணவர் கடைசிக் குறிப்புக்கு விடை எழுதாமல் அவரை நேசிப்பதாக எழுதிவைத்தார். அதைப் படித்தபோது மட்டும் ட்ரெபெக்கின் குரல் தடுமாறியது.

அவருக்குப் பின் வந்த குழப்பத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். விருந்தாளிகள் பலரை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, 2021இல் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸையே நியமித்தார்கள். அவர் முன்பு பேசிய தகாத பேச்சுகள் கிளம்பி, ஒரே நாள் பதிவோடு அவர் விலகினார். அந்த ஒரு நாள் நமக்கு ஒரு வாரமாக ஒளிபரப்பானது. ஜென்னிங்ஸ் நல்ல தேர்வு. விஷயம் தெரிந்தவர், நகைச்சுவையும் உண்டு. ஆனால் கொஞ்சம் இளகிய மனசு. தவறான விடைக்கு ட்ரெபெக் ‘இல்லை’ என்றால் அது இல்லைதான். இவர் ஆறுதல் சொல்லப் போகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

குறைகள் என்றால், முதல் விளம்பரத்துக்குப் பிறகு வரும் அறிமுகப் பேச்சு. போட்டியாளரின் தேனிலவில் ஓர் ஆடு குறுக்கே வந்த கதையெல்லாம் எனக்கு வேண்டாம். தண்ணீர் குடித்து வர வசதியான நேரம், அவ்வளவுதான். 2023 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின்போது பழைய குறிப்புகளையும் பழைய போட்டியாளர்களையும் வைத்து மாதக்கணக்கில் ஒப்பேற்றியது இன்னொன்று. வேலைநிறுத்தத்தில் எழுத்தாளர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அது முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போனார்கள்.

ஏழரைக்கு அதே சேனலில் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’. இதுவும் கிரிஃபின் சரக்குதான். 1975இல் பிறந்தது, 1983 முதல் இரவு நேர சிண்டிகேஷனில் ஓடுகிறது. சக்கரத்தைச் சுற்றி, எழுத்து கேட்டு, மறைந்திருக்கும் சொற்றொடரைக் கண்டுபிடிக்க வேண்டும். உயிரெழுத்து வேண்டுமானால் 250 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு இது சப்பென்று இருக்கிறது. என் மாமியார் கட்சி வேறு. சக்கரம் ‘பேங்க்ரப்ட்’ கட்டத்தில் நின்று சேர்த்த பணமெல்லாம் போகிறதே, அதற்காகவே காத்திருப்பார். “சக்கரம் எங்கே நிற்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் ஆட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது, மாப்பிள்ளை” என்பது அவர் வாதம். நானும் மறுத்துப் பேசுவதில்லை. அதை நடத்திவந்த பாட் சேஜாக் 2024இல் ஓய்வு பெற்று ரயன் சீக்ரெஸ்ட் வந்ததைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே இல்லை; 1982 முதல் எழுத்துகளைத் திறந்து காட்டும் வான்னா ஒயிட் தினம் ஒரு கவுன் போட்டு வந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிரபலங்களை வைத்து நடத்தும் ‘செலிப்ரிட்டி ஜெப்பர்டி’ பக்கம் போக வேண்டாம். ஒரு மணி நேரம், எளிய குறிப்புகள், நடுநடுவே அரட்டை. இந்த ஆட்டத்தில் நல்லது என்று எதைச் சொன்னேனோ அதையெல்லாம் நீக்கிவிட்டுச் செய்தது. பேசாமல் ஏதாவது ஒரு சாதாரண வார நாள் ஆட்டத்தைப் பாருங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து விடை சொன்னாலே நல்ல கணக்கு.