தவிட்டுச் சைக்ளோனும் கொந்தளிப்பு மாதிரிகளும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாடு

கப்பலூர் தொழிற்பேட்டையில், அரிசி ஆலைகளுக்கு, காற்றைச் சுழற்றி அதிலிருந்து தவிட்டைப் பிரிக்கும் சைக்ளோன் என்னும் கலமும் புளோயர் குழாய்களும் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் வடிவமைப்பைக் கவனித்து வருகிறேன். தகடு வெட்டும் முன் காற்றோட்டத்தை ஓப்பன்ஃபோமில் கணித்துப் பார்ப்பது ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வழக்கம். 2004 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் அந்த மென்பொருள் மீது எனக்குக் குறையேதும் இல்லை. அதற்குள் இருக்கும் கொந்தளிப்பு மாதிரிகளை, அதாவது காற்றின் ஒழுங்கற்ற சுழிப்புகளைத் தோராயமாகக் கணிக்கும் சமன்பாடுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் பழகியது கே-எப்சிலான் என்ற மாதிரி. லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் வெளியிட்ட 1.44, 1.92 முதலிய மாறிலிகள்தாம் இன்றும் அதில் உள்ளன. நேர்க்குழாயில் அது என்னை ஏமாற்றியதில்லை. சோழவந்தான் பக்கத்து ஆலை ஒன்றில் எங்கள் முதல் சைக்ளோனை நிறுத்தி, வண்ண நீர் ஊற்றிய யூ-குழாயால், காற்று அதைக் கடக்கையில் ஏற்படும் அழுத்த இழப்பை அளந்தபோதும் கணிப்பு சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது. அந்தத் தைரியத்தில் மேலும் நான்கு செய்தோம். ஐந்தாவதை அளந்த அன்று ஆலையில் நெல் இல்லை. வெறும் காற்றுதான் ஓடியது. நீர்மட்ட வேறுபாடு, கணித்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நின்றது. கணிப்பில் எங்கே பிழை என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, ஆலை மேஸ்திரி, “தவிடு விழ ஆரம்பிச்சா மட்டம் தானா இறங்கும் தம்பி, எப்பவும் அப்படித்தான்” என்றார். மறுநாள் அரவை தொடங்கியதும் இறங்கியது.

போசினெஸ்க் 1877இல் முன்வைத்த சுழிப் பாகுநிலைக் கருதுகோளின் மேல் நிற்கும் கே-எப்சிலான், கொந்தளிப்பு எல்லாத் திசையிலும் ஒரே பாகுநிலையோடு கலப்பதாகக் கொள்கிறது. சைக்ளோனுக்குள்ளோ, வலுத்த சுழற்சி ஆரத்திசைக் கலப்பை அடக்கிவிடுவதால், நடுவில் திடப்பொருள் போலச் சுழலும் கருவும், அதற்கு வெளியே சுவரை நோக்கி வேகம் தணியும் சுழலும் உருவாகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேக முகட்டைக் கே-எப்சிலான் மழுக்கிவிடுகிறது; அதனால் அழுத்த இழப்பையும் குறைத்துச் சொல்கிறது. தவிடு மிகுந்து ஏறும்போது உண்மையான சுழற்சியே தளர்ந்து, உண்மையான இழப்பும் குறைகிறது. தொடர்பில்லாத இந்த இரு குறைவுகளும் ஓர் எண்ணில் சந்தித்ததைத்தான் நான்கு சைக்ளோன் காலம் துல்லியம் என்று எண்ணியிருந்தேன்.

பிறகு, திசைக்குத் திசை மாறும் கொந்தளிப்பைத் தனித்தனியே கணிக்கும் ரெனால்ட்ஸ் தகைவு மாதிரிக்கு மாறினேன். இரண்டு கூடுதல் சமன்பாடுகளுக்குப் பதில் ஏழு. கருவும் ஓரிடத்தில் நில்லாமல் தள்ளாடுவதால், காலத்தோடு நகரும் கணக்காகவே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒரே இரவில் முடிந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கிறது. ஆனால், வெறுங்காற்று அளவோடு அது நன்றாகவே பொருந்துகிறது. மென்டர் 1994இல் தந்த எஸ்எஸ்டி என்ற மாதிரியை வளைகுழாய்களுக்கு வைத்திருக்கிறேன். அங்கு அதுவே போதும்.

ஆய்வாளர்கள் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று கேட்டால், துகள் நிறைந்த சுழலோட்டத்தின் அளவீடுகள் என்பேன். தூசி மிகுந்த குழலுக்குள் லேசர் கொண்டு வேகம் அளப்பது கடினம் என்பது புரிகிறது. ஆயினும் அந்தத் தரவு இல்லாமல் துகளும் கொந்தளிப்பும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தைச் சமன்பாட்டில் எழுதுவது பெரிதும் ஊகமாகவே இருக்கும். துருவும் வெல்டிங் தழும்பும் ஏறிய சுவர் சுழற்சியைத் தளர்த்துவதும் இதே வரிசையில் வரும். அடுத்ததாக, மாதிரி தன் விடையோடு பிழை வரம்பையும் சேர்த்துத் தர வேண்டும். ஒற்றை எண் மட்டும் தந்ததால்தான் நான் ஏமாந்தேன். இயந்திரக் கற்றலால் மாதிரிகளைத் திருத்தும் முயற்சிகளை ஆவலோடு படிக்கிறேன். ஆனால், தட்டைக் கால்வாயிலும் அலைமேட்டு வடிவங்களிலும் பயின்ற வலையமைப்பு சைக்ளோனுக்குள் சரியாக நடந்துகொள்ளும் என்று நம்ப எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் ஆலைக்காரர்களுக்கு இரண்டு எண்கள் எழுதிக் கொடுக்கிறேன்: வெறுங்காற்றுக்கு ஒன்று, தவிட்டோடு ஒன்று. இரண்டாவதை எழுதும் முன் அந்த மேஸ்திரிக்குத் தொலைபேசியில் பேசிவிடுவேன்.