பாதாள சாக்கடையா, கசடு பிளான்ட்டா, குட்டையா? சின்ன பேரூராட்சிக்கு எது தாங்கும்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், திமிரி மாதிரி ஊர்ல கழிவுநீர்னு பேச்ச எடுத்தாலே பாதாள சாக்கடை எப்ப வரும்னுதான் கேக்கறாங்க. சாக்கடை கண்ணுக்கு தெரியலன்னா ஊரு டவுன் ஆயிடுச்சுன்னு ஒரு நெனப்பு.

கணக்க பாருங்க. 15,000 பேர், ஆளுக்கு தினம் 70 லிட்டர் தண்ணி, அதுல 80 சதவீதம் கழிவா வந்தா 8.4 லட்சம் லிட்டர். ஆனா பைப்புக்குள்ள கசடு தங்காம ஓடணும்னா தண்ணி நெறய வேணும், அதனாலதான் பாதாள சாக்கடை ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் குடுக்கணும்னு மத்திய அரசு கையேடே சொல்லுது, பாலாத்து கிணத்த நம்பி நாள் விட்டு நாள் தண்ணி விடற ஊரு அதுக்கு எங்க போவும்? செலவுல பெரும்பங்கு தெருத்தெருவா தோண்டி பைப்பு பதிக்கவே போயிடும். பைப்பு கடைசியில போய் சேர்ற சுத்திகரிப்பு பிளான்ட்ல காத்து ஊதற ப்ளோவர் ஓடணும், கரண்ட் போயி ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த ஆள் இல்லன்னா காத்து கெடைக்காம கழிவ தின்னற பாக்டீரியா சாவும், நாத்தம் ஆரம்பிச்சிடும். ஒழுங்கா ஓட்டுனா தண்ணி தெளிவா வரும், இடமும் கம்மி, அத ஒத்துக்கணும்.

அடுத்து கசடு பிளான்ட், அதாவது செப்டிக் டேங்க்ல அள்ளுறத மட்டும் சுத்தம் பண்ற எடம். 2017ல மதுராந்தகம் பக்கம் கருங்குழியில வந்துச்சே, அது மாதிரி. செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில ஏரிக்கரையில தொறந்து விடாம இங்க வந்து கொட்டும், மணல் படுக்கையில கசடு காயும். 3,000 வீடு, மூணு வருசத்துக்கு ஒரு வாட்டி எடுத்தா ஒரு நாளைக்கு மூணு நாலு லோடுதான், லோடு 5,000 லிட்டர்னா 20,000 லிட்டருக்குள்ள முடிஞ்சிது. செலவு கம்மி. ஆனா மீதி எட்டு லட்சம் லிட்டர்? குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி எல்லாம் அதே தெறந்த கால்வாயில ஏரிக்குத்தான் போய்க்கினு இருக்கும், இத யாரும் பேசறதில்ல.

அங்கதான் குட்டை. கால்வா முடியற எடத்துல கம்பி வல வச்சி பிளாஸ்டிக்க நிறுத்திட்டு, ஆழமான குட்டை, அப்பறம் ஆழம் கொறஞ்ச குட்டைங்கன்னு வரிசையா விடறது. மோட்டார் வேணாம், கரண்ட் பில்லு இல்ல, பாசி காத்து குடுக்கும், வெயில் கிருமிய கொல்லும், வெயிலுக்கு நம்ம பக்கம் பஞ்சமா இன்னா! தண்ணி குட்டைங்கள்ல மொத்தம் 15 நாள் தங்கணும், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம்னா கரையோட சேத்து மூணு ஏக்கர் ஆவும். ஏரிக்குள்ளயே வெட்டிடலாம்னு ஐடியா குடுக்கறவங்கள மட்டும் கிட்ட சேக்காதீங்க. பாலாத்து ஓரம் மணல் பாங்கான மண்ணு, அடியில களிமண்ணோ ஷீட்டோ போடலன்னா நேரா குடிதண்ணி கிணத்துக்கே எறங்கிடும். ஓரத்துல புல்லு வெட்டலன்னா கொசு, வெளிய வர்ற தண்ணி பச்சையா இருக்கும், மரம், தீவனப் புல்லுக்கு விடலாம், கீரைக்கு வேணாம். ஐப்பசி மழையில கால்வா பொங்குறப்ப தனியா திருப்பி விட ஒரு வழியும் வேணும்.

என்ன கேட்டா குட்டையும் கசடு படுக்கையும் பக்கத்து பக்கத்துல, படுக்கையில வடியற தண்ணி மொத குட்டைக்கே போயிடும். ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம்னா இன்னொண்ணு, ஊருக்குள்ள தோல் ஊற வைக்கற, பதப்படுத்தற ஷெட்டு எதுவாச்சும் அதே கால்வாயில விடுதான்னு மொதல்ல பாத்துடுங்க, அதுலேந்து வர்ற குரோமியம் பாக்டீரியாவ கொன்னுடும், உப்ப எந்த குட்டையும் எடுக்காது, அதுக்கு தோல் ஷெட்டுங்க எல்லாத்துக்கும் சேத்து இருக்கற பொது சுத்திகரிப்பு நிலையம்தான்.